இரண்டு காம்பராவுக்கு ஒரு ரயில் பலகை

இந்தக் காலத்தில் ஆட்களின் வாயில் ‘சரி’ என்கிற சொல் எச்சில் மாதிரி ஊறுகிறது. கேட்டதற்கெல்லாம் சரி. கணக்கப்பிள்ளை சரி என்கிறான், பஸ் கண்டக்டர் சரி என்கிறான், கொழும்பில் இருக்கிற மகளும் சரிப்பா என்று போனை வைத்துவிடுகிறாள். ஒருவனும் செய்வதில்லை. முன்பெல்லாம் முடியாது என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடித்துக்கொள்வார்கள். அது எவ்வளவோ மேல். இராமையாவும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இராமையா என் பெண்சாதி சீதாலெட்சுமியின் அண்ணன். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்தில் அவன் காம்பராவும் என் காம்பராவும் ஒற்றை அறைதான், ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். துரை இருந்த மேல் பங்களாவை ஹோட்டலாக்கியபோது வெளியே வீசிய சாமான்களில் ஒரு விளையாட்டு ரயில் கிடந்தது. நான் அங்கே பூந்தோட்ட வேலை பார்த்தேன். கேட்டு வாங்கி வந்தேன். ஒரு எஞ்சின், நாலு பெட்டி, சாக்கு நிறையத் தண்டவாளம். கரண்டில் ஓடும். ஆனால் வட்டம் போட என் காம்பராவில் இடமில்லை.

இராமையாதான் வழி சொன்னான். “செவுத்தத் தொளச்சுப்புடுவோம் மச்சான். பாதி ஒன் வீட்டுல ஓடட்டும், பாதி என் வீட்டுல ஓடட்டும்.”

தொளைத்தோம். ஒரு சோற்றுச் சட்டி நுழைகிற அளவு ஓட்டை. பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து, இரண்டு பக்கமும் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளத்தைப் போட்டோம். பெண்கள் உடுத்திப் படுக்கிற வீடு என்பதால் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சாக்குத் திரை தொங்கும். ரயில் சாக்கைத் தள்ளிக்கொண்டு போகும், சாக்கைத் தள்ளிக்கொண்டு வரும். மனுசன் எட்டிப் பார்க்கக் கூடாது. அது நாங்களே போட்டுக்கொண்ட கட்டு. நான் ஒருநாளும் மீறினதில்லை.

சாயந்தரம் பிளேன்டீ குடித்ததும் ஓடவிடுவேன். கடைசிப் பெட்டியில் வெற்றிலை வைத்து அனுப்பினால், திரும்பி வரும்போது அதில் பாக்கு இருக்கும். சில நாள் அவன் பெண்சாதி அழகம்மா ஒரு துண்டு வடை வைத்துவிடுவாள். “வீரய்யா அண்ணே, சூடு, பாத்து எடுங்க!” என்று சுவருக்கு அப்பால் சத்தம் மட்டும் வரும்.

இந்த வருசத்து மழையில் சுவருக்கு மேலே தகரம் ஒழுகி, பெட்டிப் பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. தண்டவாளம் ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சின் ஏறும், கவிழும். புதிதாகப் பலகை போட்டுவிடுவோம் என்று பேசிக்கொண்டோம்.

“இந்த வாட்டி பெட்டிப் பலக வேணாம் மச்சான்,” என்றேன். “ஹட்டன்ல போய் நல்ல டர்பன்டைன் மரத்துப் பலகயா அறுத்து வாங்குவோம். அடியில குறுக்குச் சட்டம் குடுத்தாத்தான் வளையாது.”

“சரி மச்சான்.”

ஹட்டனுக்கு இரண்டு பேரும்தான் போனோம். பலகையைப் பாதி பாதியாகப் பிரித்து அவனவன் வீட்டுக்குத் தூக்கிப்போனோம். அவன் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. கெட்டிக்காரன், எனக்கு முந்தி முடித்துவிடுவான் என்று நினைத்தேன்.

இனி மட்டம் பார்க்க வேண்டும். லயம் சரிவில் கட்டினது. என் தரையைவிட அவன் தரை உயரம். அவன் பலகையும் என் பலகையும் ஓட்டைக்குள் ஒரே மட்டமாகச் சந்திக்காவிட்டால் ரயில் அங்கேயே மூக்கை இடித்துக்கொள்ளும். மேசன்மார் செய்கிற மாதிரி நீளமான டியூப்பில் தண்ணீர் ஊற்றி, ஒரு நுனியைத் திரைக்கு அடியால் அவனிடம் தள்ளினேன். மறு நுனி என் கையில். அவன் பக்கத்துத் தண்ணீர் அவன் பலகையின் மேல்மட்டத்துக்கு வந்ததும் அவன் சொல்ல வேண்டும். என் பக்கத்துத் தண்ணீர் நிற்கிற இடத்தில் நான் சுவரில் கோடு போட வேண்டும்.

“ஏத்தவா?”

“கொஞ்சம் ஏத்து மச்சான்… இன்னங் கொஞ்சம்…”

“பலகைக்கு வந்திருச்சா?”

“சரி மச்சான். சரியா இருக்கு.”

கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்குச் சட்டத்தின் கால்களை அறுத்தேன். அறுத்த கால் திரும்ப வளராது. சட்டத்தை நிமிர்த்தி, பலகையை ஏற்றி, தண்டவாளத்தை ஓட்டை வரைக்கும் ஆணியடித்து முடித்தேன். மறுநாள் ஞாயிறு. இரண்டு பக்கத்தையும் கோத்துவிடலாம் என்று தண்டவாளத் துண்டை ஓட்டைக்குள் நீட்டினேன். அந்தப் பக்கம் ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

எட்டிப் பார்க்கக் கூடாது என்ற கட்டை அப்போதும் மீறவில்லை. முன் திண்ணையான இஸ்தோப்பு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் இல்லை, அடுப்புச் சட்டி இல்லை, சாமிப் படம் மாட்டின இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். சுவர் ஓரத்தில் பலகை நின்ற தடமே கிடையாது. நான் கேட்டது சாமான் கழற்றிக் கட்டின சத்தம். சாக்குத் திரை மட்டும் தொங்கியது. அவன் வெறும் காற்றுக்கு நேரே டியூப்பைப் பிடித்துக்கொண்டு ‘சரி’ சொல்லியிருக்கிறான்.

பக்கத்துக் காம்பரா பிரேமினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “இராமையா மாமா புது வீட்டுக்குப் போயிட்டாங்களே! விடியக்காலைல லொறி வந்துச்சு. ஒங்களுக்குச் சொல்லலியா?”

ஞாயிறானாலும் விடியற்காலையில் நான் ஹோட்டலில் பூச்செடிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன். அதையும் பார்த்துத்தான் லொறியைக் கூப்பிட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து சீதாலெட்சுமியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் அரிசியைக் கிளறினாள்.

“ஒனக்குத் தெரியும்.”

“தெரியும். சொன்னா நீங்க மூஞ்சியத் தூக்கிவச்சுக்குவீங்கன்னு அண்ணன் சொல்ல வேணாம்னுச்சு.”

“இப்ப எங்க வச்சிருக்கேனாம்?”

“தோட்டத்துப் புது வீட்டு லிஸ்ட்டுல பேரு வந்தா போகாம இருப்பாங்களா? அவங்களுக்கும் வயசுப் பொண்ணு இருக்கு.”

போகட்டும். யார் வேண்டாம் என்றது? மழை ஒழுகாத வீடு கிடைத்தால் நானும்தான் போவேன். ஆனால் ஹட்டன் வரைக்கும் கூடவே வந்து, பலகையைத் தடவித் தடவிப் பார்த்து, டியூப்பைப் பிடித்து, என் காலை அறுக்க வைத்துவிட்டுப் போகிறானே, அது என்ன சாதிப் பழக்கம்?

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று நான் வரமாட்டேன் என்றேன். சீதாலெட்சுமி அழுதாள். நான் சரி என்று சொல்லவில்லை. எழுந்து சட்டையைப் போட்டேன். போகும்போது எஞ்சினைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

புது வீடு மேட்டில் இருந்தது. பெயின்ட் வாசம் போகவில்லை. இராமையா என் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துப்போனான். ஹட்டன் பலகை அங்கே நின்றது. நல்ல வேலைதான். அதில் அரை வட்டத் தண்டவாளம். அதன் இரண்டு முனையும் சுவருக்கு நேரே போய் நின்றன. புத்தம் புதுச் சுவரில் சட்டி அளவு ஓட்டை.

“பாத்தியா மச்சான்? அடுத்த எடம் ஒனக்குத்தான். அதுக்காகத்தான் பாதிய விட்டு வச்சிருக்கேன். சங்கத் தலைவர்கிட்ட பேசிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“சரின்னுட்டாரு.”

இங்கே திரை இல்லை. குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் மானாப்புல்லும் மழைத் தண்ணீர் அரித்த சரிவும். அடுத்த இடம் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. அங்கே எனக்கு வீடே வந்தாலும் இந்த ஓட்டை என் கூரைத் தகரத்துக்கு நேரேதான் திறக்கும்.

“இதுக்கு மட்டம் பாத்தியா?”

அவன் தலையைச் சொறிந்தான். “அதெல்லாம் மண்ணு நெரப்பிக்கலாம் மச்சான்.”

“அன்னிக்கு டியூப்பப் புடிச்சுக்கிட்டு எதுக்குச் சரின்ன?”

“நீ அவ்வளவு ஆசயாக் கேட்ட. வாயில வந்திருச்சு. இதெல்லாம் முடிவானப்புறம் சொல்லலாம்னு…”

“முடிவாயிருச்சா?”

அவன் தண்டவாளத்தில் தூசு தட்டினான். அழகம்மா எட்டிப் பார்த்து, “அண்ணே, பால் பொங்கிருச்சு, வாங்க” என்றாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான், “எஞ்சினக் கொண்டாந்தியா மச்சான்? சும்மா அரை வட்டத்துலயாவது ஓட்டிப் பாப்போம்.”

அப்படியா விசயம். எஞ்சின் கையில் கிடைத்துவிட்டால் அந்த இரண்டு முனையையும் வளைத்து முழு வட்டமாகக் கோக்க எவ்வளவு நேரமாகும்? இல்லை, நிஜமாகவே எனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறானோ என்னவோ. அவன் கண் அப்படித்தான் பார்த்தது. சாக்குக்குப் பின்னால் இருந்தபோதும் அப்படித்தான் பார்த்திருக்கும்.

“கொண்டுவரல,” என்றேன்.

பாலைக் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். “மச்சான், நெசமாத்தான் சொல்றேன், தலைவர வேணும்னாக் கேட்டுப் பாரு!” என்று அவன் வாசலில் நின்று கத்தினான். கோட்டுப் பைக்குள் எஞ்சின் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. நான் திரும்பவில்லை.