கேட்டைத் திறந்தவனுக்குப் பாதி

வெங்கடசாமிக்கு வாயடைத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், வீட்டு புரோக்கர் என்றால் வாய்தானே மூலதனம்! ஒழுகுகிற கூரையைக் காட்டி, ‘வெளிச்சம் எப்படி வருது பாருங்க சார்’ என்று விற்ற ஆள் அவன். அப்படிப்பட்டவன் அந்த ஆடி மாதத்துக் காலையில், காக்ஸ் டவுன் பங்களா வாசலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றான்.

எல்லாம் சேஷகிரி சொன்ன பேச்சால் வந்தது. சேஷகிரி மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பங்களாவை வாங்க வந்தவர், உள்ளே காலெடுத்து வைக்குமுன்பே கையை ஆட்டினார்.

“முன்னறையெல்லாம் மறுபடியும் காட்ட வேண்டாம் ஓய். போன வாரமே பார்த்துட்டேன். உம்ம கூட்டாளி காட்டினாரே, வெள்ளைத் தொப்பி போட்டுண்டு சைக்கிள்ல வந்தார்.”

“கூட்டாளியா?”

“யூஜின்னு பேர் சொன்னார். யோக்கியமான மனுஷர். கேட்டைத் திறக்கறப்பவே கிணத்துச் சுவர்ல விரிசல் இருக்குன்னுட்டார். ‘குறையை நான் சொல்லிடறேன், நல்லதை வீடே சொல்லிக்கும்’னார். ஆமா, அப்படிக் கொட்டின மழையில அவர் தொப்பி மட்டும் நனையவே இல்லையே, எங்கே ஓய் வாங்கினார் அதை?”

யூஜினைக் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கல்லறையில் வைத்து மண் தள்ளியாயிற்று. பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்தவன் வெங்கடசாமி. குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டதும் அவன்தான். ஆனால் ‘குறையை நான் சொல்லிடறேன்’ என்பது யூஜினின் வாய்ச்சொல். அதை வேறு எந்த புரோக்கரும் சொல்லமாட்டான். சொன்னால் பிழைப்பு ஓடுமா?

இருவரும் சேர்ந்து தொழில் பார்த்தவர்கள். வீடு கைமாறினால் விற்பவரிடம் நூற்றுக்கு இரண்டு, வாங்குபவரிடம் நூற்றுக்கு இரண்டு. அதுவும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பத்திரம் பதிவான பிறகுதான். அதுவரை செருப்புத் தேய அலைந்ததெல்லாம் தர்மக் கணக்கு. இரண்டு புரோக்கர்கள் சேர்ந்து முடித்தால் பங்கு எப்படி? அதற்குத் தண்டு புரோக்கர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளை முதன்முதலில் கூட்டிவந்து கேட்டைத் திறந்து வீட்டைக் காட்டியவனுக்குப் பாதி. பேசி முடித்தவனுக்கு மறு பாதி. காட்டியவன் ஜுரத்தில் படுத்திருந்தாலும் சரி, ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி, அவன் பாதி அவன் வீட்டுக்குப் போய்விடும். இதில் கை வைத்தவனோடு மற்றவர்கள் ஒரு காபிகூடக் குடிக்கமாட்டார்கள்.

செத்துப்போனவன் காட்டினால்? அதைப் பற்றி யாரும் பேசிவைத்திருக்கவில்லை.

வெங்கடசாமி மனசுக்குள் கணக்குப் போட்டான். ‘சார், அவன் செத்து ஏழு மாசமாச்சு’ என்று சொல்லிவிடலாம். சொன்ன மாத்திரத்தில் சேஷகிரி வந்த ஜட்காவிலேயே திரும்பிப் போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் பேய் பங்களா என்று ஊரெல்லாம் பேசும். அப்புறம் அதை யார் தலையில் கட்டுவது? சொந்தக்காரத் துரை குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். கையெழுத்துப் போட ஒரு வக்கீலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சொல்லாவிட்டாலோ, யூஜின் உயிரோடு இருக்கிறான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்படியானால் பாதி அவனுடையது.

அந்தப் பாதியை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை. ஊரையெல்லாம் குடிவைத்தவன், தான் மட்டும் ஃப்ரேசர் டவுனில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு இருந்தான். குழாயடியில் வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்காத நாள் அவன் மனைவி லட்சுமம்மாவுக்கு இல்லை. லிங்கராஜபுரத்தில் சந்திரம்மா என்பவளுக்கு வீடு கட்ட ஒரு சைட், காலி மனை, இருந்தது. ஆவணி பிறக்குமட்டும் வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த கமிஷன் முழுசாக வந்தால் சைட் அவனுடையது. பாதி வந்தால் ஒன்றுமில்லை.

“ஆமா சார்,” என்றான் கடைசியில். “அவன் நம்ம பார்ட்னர்தான். ஊருக்குப் போயிருக்கான்.”

சொல்லி வாய் மூடவில்லை, மூடியிருந்த கேட்டின் கொண்டி டக் டக்கென்று இரண்டு தரம் தட்டியது. யூஜின் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் தட்டிவிட்டுத் திறப்பான். யாரும் குடியில்லாத வீட்டைக்கூட. ‘வீட்டுக்கு ஒரு மரியாதை வேணாமாடா’ என்பான்.

“காத்து,” என்றார் சேஷகிரி. காற்றே இல்லை.

பத்திரம் பதிவாயிற்று. வக்கீல் துரையின் பங்குக்கு உரிய கமிஷனைக் கொடுத்தார். சேஷகிரி தன்னுடையதை இரண்டு கவரில் போட்டு நீட்டினார். “ஒண்ணு உமக்கு. ஒண்ணு அந்த மனுஷருக்கு. அவர் கையிலயே கொடுத்துடும். அவர் குறையைச் சொன்னதாலதான் நான் இந்த வீட்டை வாங்கினேன்.”

“குடுத்துடறேன் சார்.”

பாவி, குரல் பிசிறாமல் சொன்னான்! இரண்டு கவரும் ஒரே பைக்குள் போயின. யூஜினின் மனைவி டோரீன் லிங்கராஜபுரத்தில்தான் இருக்கிறாள், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான் என்பது அவனுக்குத் தெரியும். ‘நான் ஒரு இடம் பார்த்துத் தரேன் தங்கச்சி’ என்று கல்லறை வாசலில் சொல்லிவிட்டு வந்தவன், அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. செத்தவனுக்கு எதற்குக் காசு என்று ராத்திரி பூராவும் தனக்குத்தானே வாதாடினான். கண்ணை மூடினால் கொண்டி தட்டியது.

மறுநாள் லட்சுமம்மாவையும் கூட்டிக்கொண்டு சைட்டுக்குப் போனான். அவள் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். கம்பி வேலியும், பழைய இரும்பு கேட்டும், உள்ளே ஒரு புங்கமரமும்தான் இடம். கேட் திறந்து கிடந்தது. சந்திரம்மா மரத்தடியில் நின்றிருந்தாள்.

“வாங்கண்ணா, வாங்க. நேத்தே உங்க ஆளு வந்து எல்லாம் பேசிட்டுப் போயிட்டாரே.”

“யாரு?”

“அதாண்ணா, வெள்ளைத் தொப்பி போட்டுக்கினு. சைக்கிளை வேலியில சாச்சுட்டு, மளை வந்தா தண்ணி எங்க நிக்கும், தோண்டினா பாறை எங்க வரும்னு ஒண்ணு விடாம கேட்டாரு. ‘வெங்கடசாமி வருவான், வேற யாருக்கும் குடுத்துடாதம்மா. அவனுக்கு இந்த சைட்டைக் காட்டினது நான்தான்’னாரு.”

லட்சுமம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தொப்பியைத் தெரியாதவளா அவள்? அவன் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வெங்கடசாமிக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்ன, இத்தனை நாளாக நினைக்காமல் இருக்கப் பாடுபட்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், இதே வழியாக இருவரும் போகும்போது யூஜின் சைக்கிளை நிறுத்தினான். கொண்டியை இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டைத் திறந்து, ‘உள்ள வா’ என்றான். ‘ஊருக்கெல்லாம் பாத்தோமே, நமக்கு ஒண்ணு பாக்க வேணாமாடா? நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல ஒரு சுவரு. சண்டை வந்தா சுவரைத் தட்டிக்கலாம்’ என்று சொல்லிச் சிரித்தான். இந்த இடம் இருப்பதே வெங்கடசாமிக்குத் தெரிந்தது அன்றுதான்.

புங்கமரத்தடிக்குப் போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. யூஜின் சேஷகிரியைப் பங்களாவுக்குக் கூட்டிவந்து காட்டியதே வெங்கடசாமிக்கு இந்தச் சைட் கிடைக்கட்டும் என்றுதானோ? செத்த பிறகும் அவன் கூட்டாளி அலைவது கவர்க் காசை வாங்கித் தான் தின்பதற்காகவா, டோரீனுக்கு ஒரு கூரைக்காக அல்லவா?

“சந்திரம்மா,” என்றான். “பத்திரத்துல ரெண்டு பேரு எழுதணும். பாதி எனக்கு. பாதி டோரீனுக்கு, யூஜின் சம்சாரத்துக்கு.”

சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பவே அஞ்சினான். முழு வீட்டை நினைத்துக்கொண்டு நல்ல புடவை கட்டி வந்தவள் அவள். லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குழாயை மட்டும் நம்ம பக்கம் போட்டுடுங்க,” என்றாள்.

அங்கிருந்து டோரீன் வீடு நாலு தெரு தள்ளி. அவள் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போவது என்று தெரியாமலே கட்டினாள். வெங்கடசாமி நிலைப்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றான்.

“தங்கச்சி, உனக்கு ஒரு இடம் பாத்திருக்கேன். குறையை முதல்ல சொல்லிடறேன். மழை வந்தா முன்னால முழங்கால் தண்ணி நிக்கும். கிணறு தோண்டினா பாறை வரும். இன்னும் வீடே கட்டல, ஒரு ஷெட்டு போட்டுத்தான் இருக்கணும். பக்கத்துல நாங்க இருப்போம், அதுவும் ஒரு குறைதான்.”

டோரீனின் கை கோணிக் கயிற்றில் அப்படியே நின்றது. யாருடைய பேச்சு அது என்று அவளுக்குத் தெரியும். “என்கிட்ட கமிஷன் குடுக்கக்கூட ஒண்ணும் இல்லையேண்ணா,” என்றாள்.

“கமிஷன் வேணாம். இடத்தைக் காட்டினவன் நான் இல்ல.”

தெருப்பக்கம் கேட்டின் கொண்டி டக் டக்கென்று இரண்டு தரம் தட்டியது. டோரீன் கோணியை நழுவவிட்டு எழுந்தாள். வெங்கடசாமி விலகி வழி விட்டான்.