பெரிய வெள்ளியும் ரூஜ் ரிவர் போய்ஸும்

மன்னாரை விட்டு வந்து குடியேறிய மல்வேர்னிலிருந்து மாதா கோயில் பாடகர்குழுவுக்குப் போகும் பஸ்ஸில் எமில்டா மண்டலின் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். உள்ளே என்ன என்று எதிர் சீற்றிலிருந்த வெள்ளைக்காரன் கேட்டான். அவளும் பஸ் என்று பார்க்காமல் திறந்து வாசித்தே காட்டிவிட்டாள். அவன்தான் அலெக்ஸாண்டர்; பழக்கம் வந்தது அப்படித்தான்.

அவன் பான்ஜோ என்னும் தந்திவாத்தியம் வாசிப்பவன். புளூகிராஸ் என்னும் அமெரிக்க மலைநாட்டுப் பாட்டை இரண்டு நண்பர்களோடு கொஞ்சம் புதுமாதிரி வாசித்துவந்தான். எமில்டாவும் சேர, நாலு பேருக்கும் ஒரே மைக். முறை வந்தவர் முன்னே வந்து வெளுத்துக்கட்டிவிட்டு விலகவேண்டும். இந்த ஓட்டம் எங்கேதான் போய் நிற்கிறது பார்ப்போம் என்று எமில்டா புதன்தோறும் போனாள்.

"நாய் குதிரையைக் கலைச்சுக்கொண்டு ஓடுற மாதிரிக் கிடக்கு உங்கட பாட்டு" என்றான் புருஷன் சீமோன். காரில் ஏற்றி இறக்கியதும் அவன்தான்.

இரண்டு வருடத்தில் 'ரூஜ் ரிவர் போய்ஸ்' என்ற அவர்கள் குழு நூலகத்து நிலக்கீழ் அறையிலிருந்து பிக்கரிங் மண்டபம்வரை ஏறிவிட்டது. 'போய்ஸ்' என்னும் பையன்கள் நடுவில் ஒரு மன்னார்ப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்க்கவே பாதிச் சனம் வந்தது. 1995 ஒக்டோபரில் அலெக்ஸாண்டர் ஒரு செய்தியோடு வந்தான். வருகிற ஏப்ரல் ஐந்தாம் திகதி நகர நடுவான டவுன்ரவுனில் கச்சேரி, பெரிய கோடை இசை விழாவுக்கு ஆள் தெரிவுசெய்பவர் கேட்க வருகிறார். எமில்டா உடனே ஓம் என்றாள். தமிழ்க்கடைக்குப் புதுவருடக் கலண்டர் அப்போது வந்திருக்கவில்லை.

வந்தபோது பார்த்தால், ஏப்ரல் ஐந்து இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி!

பெரிய வியாழன் கோயில் மணி ஓய்ந்தால், இயேசு உயிர்த்த பாஸ்கு இரவு அது திரும்ப அடிக்கும்வரை அவள் வீட்டில் ஒரு வாத்தியமும் தொடக்கூடாது. மண்டலின் ஊதாத் துணிக்குள் கிடக்கும்.

"இங்க ஆருக்கு உது தெரியப்போகுது?" என்றான் சீமோன்.

"எனக்குத் தெரியுமெல்லே."

அன்று மண்டலின் தொடமாட்டேன் என்றதற்கு அலெக்ஸாண்டர் கோபிக்கவில்லை. வேறு மண்டலின்காரரைப் பிடிக்க வேண்டிவரும், பிடித்தால் பிறகு போகச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னான். நியாயம்தான். எமில்டா குளியலறைப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். தொட்டால்தான் என்ன நடக்கும் என்றும் ஒரு எண்ணம் ஓடியது, அதற்கு வெட்கப்பட்டாள்.

புளூகிராஸ்காரர் சில பாட்டுக்கு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, மைக்கைச் சுற்றித் தலைகளைச் சேர்த்து வெறுங்குரலில் பாடுவதுண்டு. அது நினைவுக்கு வந்ததும் அவள் அலெக்ஸாண்டருக்குப் போன் எடுத்தாள். மாதா மகனைத் தேடி அழும் பசாமை, தவக்காலத்தில் மட்டும் பாடும் அந்தப் புலம்பலை, பாடிக் காட்டினாள்.

"இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?" என்று அலெக்ஸாண்டர் கேட்டான். "சரி, செய்து பார்ப்போம். எடுபடாவிட்டால் புது ஆள்தான்."

பெரிய வெள்ளி மூன்று மணி வழிபாடு முடித்து, பட்டினியோடு மேடைக்குப் போனாள். முதல் இரண்டு பாட்டும் மண்டலின் இல்லாமல் நொண்டின. மூன்றாவதுக்கு எல்லோரும் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். மூவரும் தாழ்ந்த குரலில் சுருதி பிடிக்க, எமில்டா பசாம் பாடினாள்.

முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. பசாமுக்கு மன்னாரிலும் ஒருவரும் தட்டுவதில்லை. அவள் நிம்மதியாக இறங்கினாள். அலெக்ஸாண்டருக்குத்தான் முகம் வெளிறிப்போயிற்று.

ஆள் தெரிவுசெய்பவர் ஒரு நெட்டையான அம்மா. மேடைக்குப் பின்னால் வந்து எமில்டாவின் கையைப் பிடித்தாள்.

"ஜூலை, சனிக்கிழமை, பெரிய மேடை. அந்தப் பாட்டோடுதான் நீங்கள் முடிக்க வேண்டும்."

"அது தவக்காலத்துப் பாட்டு. ஜூலையில் பாடமாட்டேன்" என்றாள் எமில்டா. சீமோன் கூரையைப் பார்த்தான்.

அலெக்ஸாண்டர் தொண்டையைச் செருமினான். "எங்கள் மண்டலின்காரி சொன்னால் சொன்னதுதான்."

"மண்டலினா? நான் கேட்கவேயில்லையே!" என்றாள் அந்த அம்மா.

"பாஸ்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அன்று தொடலாம்" என்றாள் எமில்டா. "நீங்களே போதும் என்று சொல்லும்வரை வாசிப்பேன்."