ஆற்றங்கரையில் ஒரு பச்சை

வரைபடத்தில் அந்த ஒரு பகுதி மட்டும் பச்சையாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் புள்ளியியல் அலுவலகத்தில் வளர்ந்த பகுதிக்குப் பச்சை, பின்தங்கியதற்குச் சிவப்பு. ஆற்றுக்கு மேற்கே முழுக்க ஆலைகள், அதனால் பச்சை. கிழக்கே ஒரே சிவப்பு. அந்தச் சிவப்புக்குள், கரையை ஒட்டி, புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று ஒரு பச்சை!

"நல்லா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கு ஏம்மா கண்ணு உறுத்துது?" என்றார் இயக்குநர். அவருக்கு மாலைக்குள் பட்டியல் போயாக வேண்டும். மிகவும் பின்தங்கிய பத்துப் பகுதிகளுக்குத் தொழிற்பேட்டை வரப்போகிறது. பத்தாவதாக என் தங்கையின் ஊர். தொழிற்பேட்டை வந்தால், பிழைப்புக்காக வெளியூர் போன அவள் கணவர் வீடு திரும்புவார். காலையிலிருந்து போன் மேல் போன்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தோண்டிப் பார்த்தேன். அந்தப் பகுதியின் வருமானக் கணக்கே வந்து சேரவில்லை. வராத கணக்குக்கு அக்கம்பக்கத்துச் சராசரியைப் போட்டு நிரப்புவது எங்கள் வழக்கம். எல்லை தொட்டால் அக்கம்பக்கம், அவ்வளவுதான். எல்லைக்கோடு ஆற்றின் நடுவே ஓடுவதால், அக்கரை ஆலைகளின் வருமானமெல்லாம் இவர்கள் தலையில் ஏறிவிட்டது. பாலம் இருக்கிறதா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாலம் இல்லை.

"சரி, ஒரு மணி நேரத்துல போய்ச் சேர முடிஞ்சாத்தான் பக்கத்து ஊருன்னு வச்சுப் போட்டுப் பாரு," என்றார் இயக்குநர் அரை மனதோடு.

போட்டேன். பச்சை கருஞ்சிவப்பாக மாறியது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்புறம்தான் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பகுதி நான்காவதாக நுழைந்திருந்தது. தங்கையின் ஊர் பதினொன்றுக்குப் போய்விட்டது. இருந்தாலும் அனுப்பிவிட்டேன்.

அவள் அழைக்கும்வரை காத்திருக்க முடியாமல் நானே போன் செய்தேன்.

"எங்க ஊரு வந்துருச்சாக்கா?"

"வரலடி. வந்துதான் இருந்துச்சு. நான்தான் கணக்கை மாத்தினேன்."

ஆறு, ஆலை, பாலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அந்த ஊரை நீ பாத்திருக்கியா?"

"இல்லடி."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. யாருக்காக எங்க வீட்டுக்காரரு இன்னும் வெளியூர்ல கெடக்காருன்னு எனக்கும் தெரியணும்ல."