புரொபைல் போட்டோ

காலையிலிருந்து பூங்கோதைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கோட்டு அவளுடையதல்ல, கடலூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் சிநேகிதி லீமாவுடையது. தோளில் தொளதொளவென்று தொங்கியது. முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் சரியாக இருந்தது. போட்டோவில் முதுகா தெரியப் போகிறது?

குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனி. செராமிக் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளை, லேப்டாப்பிலேயே கேள்வி கேட்டு, எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். கோட்டுப் போட்டிருக்க வேண்டும், பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது. அது போனால்தான் வேலைக்கான ஆர்டர் வரும். செல்போனில் எடுத்து அனுப்பியதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் கொடியில் அப்பாவின் லுங்கி தெரிந்ததாம்.

வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அதற்குச் சான்றிதழ்கூட இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்து எந்தப் படியில் கால் வைப்பது என்பதுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அவளே முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே நின்றது.

"நானும் வரேன்டி" என்று அம்மா அம்சவல்லி கிளம்பி நின்றாள். பொம்மைக் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் எழுதுகிற வேலை. காய்ச்சல் வந்தாலும் லீவு போடாதவள். கையில் ஒரு கட்டைப் பை.

"போட்டோ புடிக்க எதுக்கும்மா இம்மாம் பெரிய பை?"

"தண்ணி பாட்டில்டி. சும்மா வா."

பாலக்கரை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். ஸ்டூடியோக்காரர் நடராசன் ரோஜாத் தோட்டம் வரைந்த திரையை இறக்கிவிட்டு, அதன் முன்னால் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியும் போட்டுத் தயாராக இருந்தார்.

"வாங்கக்கா. புரொபைல்தான? உக்காந்து ஒன்னு, நின்னு ஒன்னு, பூ தெரியிற மாதிரி சைடுல ஒன்னு எடுத்துடலாம். சட்டுனு ரெடியாவச் சொல்லுங்க. மங்கலம்பேட்டையில ரிசப்ஷன், நான் கெளம்பணும்."

"பூவா? என்னா பூவு?" என்றாள் பூங்கோதை.

அம்மா பையைத் திறந்தாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை. கவரிங் ஆரம். ஈரத்துணியில் சுற்றிய மல்லி.

பூங்கோதைக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வாயாலேயே சொன்னதுதான்: 'அம்மா, புரொபைல் போட்டோ ஒன்னு எடுக்கணும்.' இந்த ஊரில் புரொபைல் என்றால் வேறென்ன? நட்சத்திரம், உயரம், நிறம், பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒரு பெண்.

"நான் வேலைக்குன்னு சொல்லல?"

"வேலை வேலைன்னு காலேஜ் முடிச்சதுலேருந்துதான் சொல்ற. கல்யாணம்னு எடுத்தா எரிஞ்சு வுழுவியே, இப்ப நீயா வாயத் தொறந்து கேக்கறன்னு உங்கப்பாகிட்டச் சொல்லி எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சேத்தியாத்தோப்புல ஒரு எடம். இன்னிக்குப் போட்டோ அனுப்பறோம்னு சொல்லியாச்சு."

"அப்ப இந்தக் கோட்டு எதுக்குன்னு நெனச்ச?"

அம்மா கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பொண்ணுன்னு காட்டறதுக்கு ஒன்னு எடுப்பியோன்னு."

நடராசன் சிரித்துவிட்டார். பூங்கோதை பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"பாப்பா, அம்மாதான் போன்ல சொல்லி வெச்சாங்க. சேலையா கோட்டான்னு நீங்களே பேசிக்குங்க. ஒன்னுக்குத்தான் நேரம் இருக்குது."

"சேலை" என்றாள் அம்மா.

நடராசன் லைட்டைத் திருப்பப் போனார். கேட்டது இரண்டு பேரிடம், காதில் விழுந்தது ஒருத்தி சொன்னது மட்டும். பூங்கோதை நாற்காலியைக் காலால் தள்ளினாள். ரோஜாத் தோட்டத்தைக் கயிற்றைப் பிடித்து இழுத்துச் சுருட்டி மேலே ஏற்றினாள். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர்.

"இதான் எனக்கு வேணும். எடுங்கண்ணே."

"அடங்காப்பிடாரி" என்று முனகிக்கொண்டு அம்மா சேலையை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"கொஞ்சம் சிரிங்க பாப்பா."

"டைல்ஸ் கம்பெனிக்கு எதுக்குண்ணே சிரிப்பு? எடுங்க."

எடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினார். கேட்காமலேயே மவுசு அவள் கன்னத்தில் ஓடியது. நெற்றி வெளுத்தது, மூக்கு வெளுத்தது, கழுத்து மட்டும் அவளுடையதாக மிச்சம் இருந்தது.

"நிறுத்துங்க. யாரு இது? என் கலரு எங்க?"

"எல்லாருக்கும் பண்றதுதான் பாப்பா."

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அம்மா எட்டிப் பார்த்தாள். "அய்ய, என்னா தம்பி இது? கண்ணு எழுதாத பொம்மையாட்டம் இருக்குது. பழையபடியே வெய்யிங்க."

பழையபடியே வைத்தார். கருத்த முகம், இறுகின தாடை, கேமராவையே முறைக்கும் கண். நல்ல போட்டோவா என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு மூஞ்சியைப் பார்த்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் தோன்றியது. ஆனாலும் அவள்தான் அது. போனுக்கு வாங்கி, அங்கேயே நின்று கம்பெனிக்கு அனுப்பினாள். போய்விட்டது.

"எனக்கும் ஒன்னு அனுப்புங்க தம்பி" என்றாள் அம்மா.

"எதுக்கு? சேத்தியாத்தோப்புக்கா?"

"ஆமான்டி. பொண்ணு இப்படித்தான் மொறைக்கும்னு தெரிஞ்சிக்கட்டும்."

வாசலில் நின்று அம்மா போனைத் தடவினாள். படம் வந்தது. சேத்தியாத்தோப்புக்காரர்கள் நம்பரும் வந்தது. கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

"பூங்கோத, கூட என்னான்னு எழுதறது?"

"பொண்ணு வேலைக்குப் போவுதுன்னு எழுது. குஜராத்துக்குன்னு எழுது."

"அதெல்லாம் எழுதினா எவன்டி வருவான்?"

"எழுதாம அனுப்பாத."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் அலறியது. அம்மா போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். பிறகு, "குஜராத்துன்னு எப்பிடி எழுதறது, எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்றாள்.