பொது பிளேடும் மாமாவின் கட்டைவிரலும்

1

ரத்தம் சிந்துவதைப் பற்றி உலகில் இதுவரை எழுதப்பட்ட கதைகளிலேயே இதுதான் தலைசிறந்தது. ஒரே குறை, இதில் சிந்துகிற ரத்தம் ஒன்றரைச் சொட்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நீதி கிடையாது. நீதி சொல்லுகிற கதைக்கு இடம் ஆஸ்பத்திரிச் சுவர். அங்கே ஆணியடித்து மாட்டலாம். நான் இலக்கியவாதி.

கதை பிறந்த இடம் என் மாமாவின் இடது கட்டைவிரல். மாமா ஒரு பார்சல் ஆபீஸில் சூப்பர்வைசர். கீழே வருவதில் பாதி அவர் சொன்னது. மீதி, அவரைப் பேசவிடாமல் அத்தை சொன்னது.

2

முதல் தொடக்கம்: "கூர்மையான அந்த மாலை வேளையில்..." வேண்டாம். மாலைக்கு என்ன கூர்மை?

இரண்டாவது: "நான்தான் பிளேடு பேசுகிறேன்." ஆறாம் வகுப்புக் கட்டுரை. பத்துக்கு நாலு மார்க்.

மூன்றாவது: மேஜைக் காலில் சணல் கயிற்றால் ஒரு பிளேடு கட்டப்பட்டிருந்தது.

இது போதும். கட்டியவர் மாமா. வாங்குகிற பிளேடெல்லாம் காணாமல் போனதால், மாட்டைக் கட்டுவதுபோல் கட்டிவிட்டார். பார்சல் பிரிப்பது, நகம் வெட்டுவது, ஆப்பிள் நறுக்குவது, டிரைவர் குதிகாலில் இருக்கும் கால் ஆணியைச் சீவுவது எல்லாம் அதில்தான். (ஆப்பிள் முதலா, ஆணி முதலா என்று கேட்காதீர்கள். யார் முந்துகிறார்களோ அவர்கள்.)

பில் போடுகிற அக்கா மட்டும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் தனக்கென்று ஒரு பிளேடு வைத்திருந்தாள்.

"என்னம்மா, போருக்குக் கிளம்பிட்டியா?" என்றார் மாமா.

"ஊர் ரத்தமெல்லாம் பட்ட பிளேடு சார் அது. எனக்கு வேணாம்."

"இத்தனை வருஷமா ஒரே பிளேடு. இதனால யாராவது செத்தாங்களா?"

"செத்தவங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டா போவாங்க?"

"கீறலுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னா, ஷேவ் பண்ண ஆம்புலன்ஸ்தான் கூப்பிடணும்!"

ஆபீஸே சிரித்தது. அக்கா பில் போட்டாள்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரப் பார்சல் ஒன்றைப் பிரிக்கும்போது பிளேடு வழுக்கியது. ஒன்றரைச் சொட்டு. மாமா தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

எதிரே நின்ற டிரைவரின் கண்களில் ஒரு கொடூரமான

இந்த வரியை அடித்துவிட்டேன். டிரைவரை வில்லனாக்கினால் கதை விறுவிறுப்பாக ஓடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் போகவில்லை.

"சார், வாயிலேர்ந்து விரலை எடுங்க."

"ம்?"

"காலையில அதே பிளேடுலதான் கால் ஆணி சீவினேன். ரத்தம் வந்துச்சு. பேன்ட்லதான் துடைச்சு வச்சேன்."

"சரி, அதுக்கென்ன?"

"எனக்கு ரத்தத்துல ஹெபடைடிஸ் பி இருக்கு சார். ஈரலைப் பிடிக்கிற வைரஸ். போன வாரம் ரத்தம் குடுக்கப் போனப்பதான் சொன்னாங்க. வெளிய சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவீங்களோன்னு..."

மாமாவின் விரல் வாய்க்கும் மேஜைக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. லோடு இறக்குகிற ஒருவர் டிரைவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

(சேர்ந்து சாப்பிட்டாலோ கைகுலுக்கினாலோ அது ஒட்டாது. ரத்தத்தில் ரத்தம் கலந்தால் ஒட்டும். இது நீதி அல்ல, தகவல்.)

அக்கா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.

"சப்பாதீங்க, அமுக்காதீங்க. சோப்பு போடுங்க. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, ஊசி போடுவாங்க."

"ச்சே, இதுக்கெல்லாமா..." என்ற மாமா, ஐந்து நிமிஷம் கழித்து, "பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "எதுல கிழிச்சுது?"

"பிளேடு."

"யாரோடது?"

"பொது."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்த பார்வையை மாமா இன்றுவரை யாரிடமும் நடித்துக் காட்ட மறுக்கிறார். ஊசி போட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், எடுத்தது ஒன்றரைச் சொட்டைவிட அதிகம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, சில மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

மறுநாள் டிரைவர் வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். மாமா அதைத் திருப்பித் தள்ளினார்.

"லோடு ஏத்தியாச்சு, கிளம்புய்யா. லேட்டாப் போனீன்னா, அதுக்குத்தான் வேலைய விட்டுத் தூக்குவேன்."

4

முடிவு ஒன்று: இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. மாமா மறுபடி வாய்ச்சவடால்.

முடிவு இரண்டு: இருக்கிறது. அத்தை சமையலறையில் அப்படியே

எழுத வரவில்லை. அத்தை இதைப் படிப்பாள். அந்த இரண்டாவது பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாமா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். கேட்டால் புழுக்கம் என்கிறாராம். முடிவு என்னிடம் இல்லை. உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிஷம். பேனா எடுக்குமுன் உங்கள் விரலைப் பாருங்கள். கீறல் இருக்கிறதா? எதில் பட்டது? உங்கள் பிளேடுதானே? எதற்கும் முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். விரல் இடுக்கிலும். சந்தேகம் இருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.