எதிர்வண்டி

“இறங்க மாட்டேன்னு சொல்லுவியா? எங்க, என் மூஞ்சியப் பாத்து—”

“அம்மா, அது பரீட்சைக்குச் சொல்ற பதில். உன்னை யாரு—”

“—என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடி! கீழ ஒருத்தன் கிடக்கான், நான் மேல சொகுசா உக்காந்திருப்பேன்னு சொல்லு!”

“சொகுசான்னு யாரும்மா சொன்னா? நான் சொல்றதை முழுசாக் கேட்டாத்தானே—”

“கேட்டேன், கேட்டேன். என் காதை என்ன அடகா வெச்சிருக்கேன்?”

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணி, கேள்விகள் எழுதிய காகிதத்தை மடித்து மடித்துச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். மாமியாரும் நாத்தனாரும் மோதிக்கொள்ளும்போது வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு முன்பே கைவந்த கலை. புருஷன் போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

நாத்தனாரை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது எடை குறைவு என்று வைத்த பேர், இருபத்தேழு வயதாகியும் விடவில்லை. ரயில் டிப்போவில் பெட்டி கழுவுகிற வேலை அவளுக்கு. நாளை மறுநாள் ரயில் டிரைவர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல். ஒருவருக்கு ஆயுளில் இரண்டே தடவைதான் வாய்ப்பு. இரண்டாவதிலும் தவறினால் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான். குருவிக்கு இது இரண்டாவது.

மற்ற பரீட்சைகளை அவள் ஊதித் தள்ளியிருந்தாள். தாள் முழுக்கப் புள்ளிக் கூட்டமாக அச்சடித்திருப்பார்கள், நான்கு புள்ளி சேர்ந்திருக்கும் கூட்டத்தை மட்டும் கண் ஓடுகிற வேகத்தில் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். போனாள். விளக்கு எரிந்தால் கை, சத்தம் கேட்டால் கால் என்று அமுக்குகிற பரீட்சைக்கு அண்ணிதான் வீட்டிலேயே பழக்கினாள். தட்டில் கரண்டியால் தட்டினால் வலது கால், டம்ளரில் தட்டினால் இடது கால், சிவப்புத் துணியை ஆட்டினால் இடது கை. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, “என்னங்க, பேய் ஓட்டறீங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, ரயில் ஓட்டறோம்” என்றாள் அண்ணி. அன்றைக்கு அம்மாகூடத் தையல் மிஷின் மேல் குனிந்துகொண்டு சிரித்தாள். பைகளுக்கு ஜிப் வைத்துத் தைக்கிற கூலி வேலை அம்மாவுக்கு. பேச்சு பிடிக்காவிட்டால் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் வாதாட முடியாது.

போன தடவை குருவியைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள்தான் கேட்டார்: “வண்டி ஓட்டிட்டுப் போறீங்க. ஒரு ஆள் குறுக்க வந்து அடிபட்டுட்டார். பிரேக் போட்டு நிறுத்திட்டீங்க. அடுத்து என்ன செய்வீங்க?”

“குதிச்சு இறங்கி ஓடுவேன்” என்றாள் குருவி. யோசிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த வழுக்கைத்தலைக்காரர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார். எழுந்து வரும்போது கண்ணாடி அம்மாள் சன்னமாகச் சொன்னார்: “இன்னும் ஒரு தடவை இருக்கு உங்களுக்கு. அடுத்த தடவை இறங்காதீங்க.”

அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அண்ணன் போய் நான்கு வருஷம். வேலை முடிந்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்டவாளத்தைக் குறுக்காகக் கடந்து வந்தான். அந்தத் தெருவே அப்படித்தான் கடக்கும். பொழுது சாய்கிற நேரம், மழை வேறு. வண்டி முழுதாக நிற்பதற்குள் வெகுதூரம் போய்விட்டது, கடைசிப் பெட்டிக்குப் பின்னால்தான் அவன் கிடந்தான். அம்மாவும் அண்ணியும் ஓடினார்கள். குருவி அப்போது ஒரு துணிக்கடையில் வேலைக்கு இருந்தாள். அவள் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் மூடி வைத்திருந்த வெள்ளைத் துணியைத்தான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. வந்தவர்களிடம், போனவர்களிடம், வாடகை கேட்டு வந்தவரிடம்கூட: “உயிர் இருந்துச்சுங்க. என் கையைப் பிடிச்சான். அந்த டிரைவர் பாவி இறங்கிக்கூடப் பாக்கலை.”

குருவி டிப்போவில் சேர்ந்ததே அந்தப் பாவியின் முகத்தைப் பார்க்கத்தான். யாரும் பேர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். முன்கண்ணாடியில் அப்பியிருக்கும் பூச்சியையும் இறகையும் சுரண்டிக் கழுவும்போதெல்லாம், இந்த இருக்கைதானோ, அந்த இருக்கைதானோ என்று பார்ப்பாள். ஒருநாள் துடைக்கிற சாக்கில் அதில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு இரும்புக் கோடும் நேராக அவள் மடிக்கு வந்து முடிந்தன. எழுந்திருக்க மனம் வரவில்லை. முகம் பார்க்க வந்தவளுக்கு அந்த இருக்கையின் மேலேயே ஆசை வந்துவிட்டது. இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சம்பளம் கூடக் கிடைக்கும் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அம்மா மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

“அம்மா, நிறுத்து.”

கடகடவென்று ஜிப் ஒன்று மிஷினுக்குள் போயிற்று.

“நிறுத்தும்மா! நாளன்னைக்கு நான் போய் என்ன சொல்லணும்னு நினைக்கற? திரும்பவும் குதிச்சு இறங்குவேன்னு சொல்லிட்டு வரவா? வந்து ஆயுசுக்கும் பெட்டி கழுவவா?”

“கழுவு. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஒருத்தன் சாகறதை உக்காந்து வேடிக்கை பாக்கற வேலைக்கு, கக்கூஸ் கழுவறது ஆயிரம் மடங்கு மேல்.”

“அத்தை” என்றாள் அண்ணி.

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனாலும் அம்மாவின் கால் மிதியில் நின்றது. அண்ணி இந்தச் சண்டையில் வாய் திறந்ததே இல்லை.

“அன்னைக்கு நீங்களும் நானும் எங்க உக்காந்திருந்தோம்?”

“இது என்ன கேள்வி? அவன் பக்கத்துல.”

“பக்கத்துலதான். எது மேல?”

“கல்லு மேல. முட்டி கிழிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு, காட்டவா?”

“கல்லு மேல இல்ல அத்தை. பக்கத்துத் தண்டவாளம். அவரு தலையை மடியில வெச்சுக்க அந்தப் பக்கம்தான் இடம் இருந்துச்சு. நீங்க இரும்பு மேலயே உக்காந்து அவரு கையைப் பிடிச்சிருந்தீங்க. சுத்தி எத்தனை பேரு, எல்லாருமே அந்த லைன்லதான் நின்னாங்க. வளைவுல ஒரு வெளிச்சம் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?”

“இருந்துச்சு. யாரோ டார்ச் அடிச்சாங்க.”

“டார்ச் இல்ல அத்தை. வண்டி.”

குருவி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த லைன்ல எதிர்ல வர்ற வண்டி. மழையில, இருட்டுல, அது தானா எதுக்கு வளைவுல நிக்கணும்? யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கணும். எனக்கும் இத்தனை வருஷம் உறைக்கலை. இவளுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் உறைச்சுது. டிரைவர் முதல்ல கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும், பக்கத்து லைன் வண்டியை நிறுத்தணும், அது நின்னுருச்சுன்னு தெரியற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அந்த ஆளு உங்க ஆசைப்படி இறங்கி ஓடி வந்திருந்தான்னு வைங்க. நீங்களும் இல்ல. நானும் இல்ல.”

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அந்தப் பதிலைக் குருவி மனப்பாடமாகவே வைத்திருந்தாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஒருநாளும் அதை அந்தச் சாயங்காலத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அப்ப, என் புள்ளயப் போகவிட்டுட்டு என்னைக் காப்பாத்துனானா?”

“அத்தை...”

“அவனை யாரு கேட்டா? என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் அண்ணி. “இப்பவும் சில நாள் அப்படித்தான் இருக்கு.”

“உயிர் இருந்துச்சுடி.”

“இருந்துச்சு அத்தை.”

அம்மா மிஷினுக்கு உறையைப் போட்டாள். பாதி தைத்த பை அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் முழுக்க அம்மா அந்த உறையை எடுக்கவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் துலக்கினாள். பின்பக்க ஜன்னல் வழியாக வண்டிகள் போகும்போது மட்டும் தலையைத் திருப்பினாள். அம்மா அந்த ஜன்னல் பக்கம் திரும்பியே நான்கு வருஷம் ஆகியிருந்தது. அண்ணி ஆஸ்பத்திரி சலவைக்கூட வேலைக்குப் போய் வந்து, கேள்விக் காகிதத்தைப் பிரித்தாள், குருவியின் முகத்தைப் பார்த்தாள், திரும்ப மடித்துவிட்டாள். “தூங்கு. படிச்சதெல்லாம் போதும்” என்றாள்.

நேர்காணலன்று காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் சுவரோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தன. பக்கத்தில் இருந்தவன் உதடு அசைய எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். “அக்கா, நீங்களும் ரெண்டாவது தடவையா?” என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினாள். “எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துபோச்சு” என்றான். குருவிக்கு ஒன்றும் மறக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதே மேசை. கண்ணாடி அம்மாள் இருந்தார், மற்ற இரண்டு பேர் புதியவர்கள். ஏன் இந்த வேலை, விடிகாலை ஷிப்டுக்கு எப்படி எழுவீர்கள், மேலதிகாரி தப்பாக ஒன்று சொன்னால் என்ன செய்வீர்கள். பதில்கள் வாயிலிருந்து சீராக வந்தன. பிறகு கண்ணாடி அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒரு ஆள் அடிபட்டுட்டார். வண்டியை நிறுத்திட்டீங்க. அடுத்து?”

“கண்ட்ரோலுக்குச் சொல்வேன். எந்த இடம், எந்த லைன்னு சொல்வேன். பக்கத்து லைன்ல வர்ற வண்டியை நிறுத்தச் சொல்வேன்.”

“அந்த ஆள் உயிரோட இருக்கார். சத்தம் கேக்குது. அப்பவுமா?”

போன தடவை இதைக் கேட்கவில்லை. அண்ணியின் காகிதத்திலும் இது கிடையாது.

“அப்பவும் முதல்ல சொல்லத்தான் செய்வேன்” என்றாள் குருவி.

“ஏன்?”

“அவரோட வீட்டு ஆளுங்க ஓடி வருவாங்க. பக்கத்துத் தண்டவாளத்துல உக்காருவாங்க. அவங்களுக்கு அப்ப எந்தச் சத்தமும் காதுல விழாது.”

புதியவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அம்மாள் பார்க்கவில்லை. காகிதத்தில் என்னவோ எழுதினார்.

“எதிர்வண்டி நின்னாச்சு. இப்ப?”

“இறங்கலாமான்னு கேப்பேன்.”

“வேண்டாம், வண்டியிலயே இருங்கன்னு சொல்றாங்க.”

“இருப்பேன்.”

அந்த ஒரு சொல்லை அவள் மேசையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடி அம்மாள் பேனாவை மூடினார். “கண்ணு, காது பரிசோதனைக்குத் தேதி சொல்லி அனுப்புவாங்க. அதுல ஒண்ணும் இல்லேன்னா பயிற்சிக்கு வந்துடலாம்” என்றார். வாழ்த்துகிற குரல் இல்லை அது. துக்க வீட்டில் விடைபெறுகிறவர்களின் குரல் போல இருந்தது.

வெளியே காத்திருந்தவன் “எப்படிக்கா?” என்றான். “கேட்டதுக்குச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு, குழாயடியில் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அண்ணனை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இத்தனைக்கும், உயிரோடு இருந்தபோது இரண்டு பேரும் சண்டை போட்ட நாள்தான் அதிகம்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அம்மா மிஷினைவிட்டுத் தள்ளி, பின்பக்க ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மழை லேசாகப் பிடித்திருந்தது. ஒரு வண்டி போயிற்று. இருட்டுக்கு முன்பான அந்த நேரத்தில் பெட்டிகளின் ஜன்னல்களில் எல்லாம் வெளிச்சம் இருந்தது, முன்னால் டிரைவர் அறையில் மட்டும் இல்லை.

“கிடைச்சுடும்போல இருக்கும்மா” என்றாள் குருவி, செருப்பைக் கழற்றாமலே.

அம்மா நல்லது என்றும் சொல்லவில்லை, நாசமாகப் போ என்றும் சொல்லவில்லை. போன வண்டியின் கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் பார்த்தாள். நகர்ந்து, ஸ்டூலில் பாதி இடம் விட்டாள். குருவி போய் உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் அவள் தோளில் பட்டது. காய்ச்சல்காரி உடம்பு போலச் சுட்டது.

அம்மா கேட்டாள். சண்டைக் குரலில் இல்லை, பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லாத யாரையோ விசாரிக்கிற குரலில்.

“ஏண்டி, எல்லாருக்கும் சொல்லி முடிச்சதுக்கப்புறம், அந்த இருட்டுல தனியா உக்காந்துகிட்டு அந்த டிரைவர் என்னடி பண்ணியிருப்பான்?”