டென்மார்க்கில் ஒரு சாவு வீடு

டென்மார்க் கம்பெனியில் ஜெர்லினின் மேனேஜர் வேலை நிலைக்குமா போகுமா என்பது ஒரு மணிக்குத் தெரிந்துவிடும். லீவில் மரக்காணம் வந்திருந்தவள் காலையிலிருந்தே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

உப்பளத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட அம்மா ஆனந்தம்மாள், கால் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அப்படி என்னாதான்டி பண்ணித் தொலைச்ச?”

“மிக்கெல்னு எனக்குக் கீழ வேலை செய்றவன். அவங்கம்மா செத்துட்டாங்கன்னு லீவு போட்டான். நான் டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லி, ஏழு பேர இட்டுக்கினு அவன் வீட்டுக்குப் போயிட்டேன்.”

“சரி, அதுக்கு?”

“அதுக்குத்தாம்மா கம்ப்ளெயின்ட். கேக்காம வீட்டுக்கு வந்தேனாம். அவன் லீவு எதுக்குன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேனாம்.”

“சாவுக்குப் போனா வேல போவுமா? எந்த ஊரு நாயம்டி இது?”

ஜெர்லினுக்கும் தெரியவில்லை. அவள் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா சவரிராயன் செத்தார். அன்று யாரும் கூப்பிடாமலே உப்பளம் மொத்தமும் வந்து நின்றது. அன்றைக்கு வராத சித்தப்பாவோடு அம்மா இன்றுவரை பேசுவதில்லை. மிக்கெலோ கதவைப் பாதி திறந்து, தேங்க்ஸ் சொல்லி, மூடிவிட்டான். அவள் கொண்டுபோன எலுமிச்சை சாத டப்பாவைக்கூட வாங்கவில்லை. துக்கத்தில் இருக்கிறான் என்றுதான் நினைத்தாள். முட்டி மோதிப் படித்த படிப்பில் இதை எவன் சொல்லிக்கொடுத்தான்?

சரியாக ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. ஆறே நிமிடம். அவளுடைய மேலதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. டீமுக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டதாம். இந்த மாதத்தோடு சரியாம். அவள் அதற்கும் தேங்க்யூ சொல்லித் தொலைத்தாள்.

வேலை போனதைச் சொன்னதும் ஆனந்தம்மாள் தெருவில் இறங்கி ஓவென்று அழுதாள். அது போதாதா? அரை மணி நேரத்தில், கூட உப்பு வாரும் அந்தோணியம்மாள், பாக்கியலட்சுமி, இன்னும் நாலைந்து பெண்கள் சேறு காயாத காலோடு வாசலில் நின்றார்கள்.

“கேள்விப்பட்டோம் ஜெர்லினு. மனசு கேக்கல, போட்டது போட்டபடி வந்துட்டோம்” என்று அந்தோணியம்மாள் அவள் கையைப் பிடிக்க வந்தாள்.

ஜெர்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர்களை யார் கூப்பிட்டது? என் வேலை போனதை அம்மா எதற்கு ஊருக்குச் சொன்னாள்?

“தேங்க்ஸ்க்கா” என்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“புள்ள சாப்புட்டுச்சா?” வெளியே பாக்கியலட்சுமி அம்மாவிடம் கேட்டாள். அவர்கள் போவதாக இல்லை.